எங்கள் ஊரில் படகும் ஓர் ஆள்

எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் முதலில் ஒரு ஏப்பம் வரும். அப்புறம் கொஞ்சம் காற்று. நல்ல நாளாக இருந்தால் கடைசியில் ஒரு சொம்புத் தண்ணீர், அதுவும் வேண்டா வெறுப்பாக. பழவேற்காடு ஏரிக்கரை ஊர் இது. வாசலில் நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர்தான். ஆனால் வாயில் வைக்க முடியாது, உப்பு. குடிக்க, சோறு பொங்க எல்லாம் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர்தான். தொட்டி தெருவின் அந்தக் கோடியில் இருக்கிறது. நான் இந்தக் கோடியில் இருக்கிறேன். நடுவில் இருக்கிறவர்கள் பிடித்து முடிப்பதற்குள் தொட்டி காலியாகிவிடும்.

தொட்டிக்கு அடுத்த வீடு என் ஓரகத்தியுடையது. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் பெண்டாட்டி, நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் வீட்டுக் குழாயைத் திறந்தால் குடம் கையைவிட்டுப் போகும், அவ்வளவு வேகம். தினமும் நான் இரண்டு குடத்தை இடுப்பிலும் தலையிலும் வைத்துக்கொண்டு தெரு நெடுக நடந்து போய் அவள் வாசலில் நிற்பேன். "வாம்மா மகாராணி, எத்தினி பேருக்கு?" என்று கேட்பாள். என்னவோ கல்யாணப் பந்தியில் இலை போடுகிறவள் மாதிரி. தினமும் இதே கேள்விதான். எனக்குச் சிரிப்பும் வரும், பத்திக்கொண்டும் வரும்.

தண்ணீர் ஏன் கடைசி வீடு வரை வருவதில்லை என்று எங்கள் ஊராட்சித் தலைவியம்மாவிடம் ஒருநாள் சண்டைக்கே போய்விட்டேன். அந்தம்மா ஏரிக்கரை ஆள் இல்லை. உள்ளே நெல் விளைகிற ஊர்க்காரி, எங்கள் குப்பமும் அவர் ஊராட்சியில்தான் சேர்ந்திருக்கிறது. அவர் நிதானமாகச் சொன்னார். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் என்று கணக்காம். எத்தனை ஆள் என்பதற்குப் போன முறை நாடு முழுக்க எடுத்த மக்கள்தொகைக் கணக்காம். அடுத்த கணக்கு எடுக்க வேண்டிய நேரத்தில் கொரோனா வந்து, அது தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்ததாம்.

அந்தப் பழைய கணக்கு எடுத்தபோது நான் சுண்ணாம்புக்குளத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். இப்போது என் வீடு இருக்கிற இடத்தில் நண்டு வளை இருந்தது. என் பெண்கள் இரண்டு பேரும் பிறக்கவே இல்லை. அதாவது அரசாங்கத்தின் கணக்குப்படி நான் இன்னும் சுண்ணாம்புக்குளத்தில் அம்மா வீட்டில்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே குடம் தூக்கிக்கொண்டு நடக்கிறவள் யாரோ.

"அப்ப நாங்க எப்பத்தான் தண்ணி குடிக்கிறது?" என்று கேட்டேன்.

"நாமளே ஒரு கணக்கு எடுத்து, கிராம சபையில தீர்மானம் போட்டு, எங்க ஊரு ஜனம் கூடிப்போச்சு, புதுசா எண்ணிப் பாருங்கன்னு பொன்னேரி ஆபீசுக்கு அனுப்புவோம். அவங்க வந்து சரி பார்த்தா ரெண்டாவது தொட்டி கேட்கலாம்" என்றார் தலைவியம்மா. அவருக்குப் பதவிக்காலம் முடிய ஒரு வருஷம்கூட இல்லை. முடிவதற்குள் அந்தத் தொட்டியைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டாவது தொட்டி வந்தால் இந்தக் கோடியில்தான் கட்டுவார்கள், வேறு இடம் கிடையாது. அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போதே என் வீட்டுக்காரரிடம் அந்தத் தொட்டிக்கு என்ன வர்ணம் அடிக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டேன்.

கணக்கெடுக்கிற வேலையை எங்கள் ஊர் ஆம்பளைகள் எடுத்துக்கொண்டார்கள். வீடு வீடாகப் போவானேன், வாரா வாரம் கோயில் முன்னால் கூட்டம் போடுகிறோமே, அங்கேயே முடித்துவிடலாம் என்றார்கள். அந்தக் கூட்டத்துக்கு நாங்கள் போவதில்லை. ஊர்த் தலையாரி ஒவ்வொருத்தரையும் பார்த்து "உங்களுது எத்தினி?" என்று கேட்டிருக்கிறார். அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். டீ ஆறுவதற்குள் மொத்த ஊரையும் எண்ணி முடித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வந்து பெருமையாகச் சொன்னார்.

"நம்ம ஊட்டுக்கு இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"நாலு."

நான், அவர், பெண்கள் இரண்டு பேர். நாலு. சரியாகத்தான் இருந்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

தலைவியம்மா அந்த எண்ணிக்கையை வைத்து மனு எழுதி பொன்னேரிக்கு அனுப்பினார். கொஞ்ச நாளில் அங்கிருந்து போன் வந்தது. போனைப் பேசி முடித்த கையோடு அந்தம்மா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் குப்பத்துக்கே வந்துவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஏம்ப்பா, இந்தக் கணக்குப்படி உங்க ஊர்ல ஜனம் குறைஞ்சிபோச்சாம். பழைய கணக்குல இருந்ததைவிடக் கம்மி. பாதி ஊரு எங்க போச்சுன்னு கேட்கிறாங்க. இப்ப வர்ற தண்ணியே அதிகம் போலிருக்கே, குறைச்சிடலாமான்னு வேற கேட்கிறாங்க."

வருகிற ஏப்பமும் போய்விடும் போலிருக்கிறது.

கோயில் முன்னால் எல்லோரும் கூடினோம், இந்தத் தடவை பெண்களும். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் வீட்டுக்காரரைப் பிடித்தாள். "நம்ம ஊட்டுக்கு எத்தினின்னு சொன்ன?"

"அஞ்சு."

"யாரு யாரு அந்த அஞ்சு? நம்ம ஊட்ல ஆறு பேரு கீறோமே."

மாமா விரலை மடக்க ஆரம்பித்தார். "நானு. பெரிய புள்ள. அப்பால படகு. வல. இன்ஜின்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். மடக்கிய விரலை நீட்டாமல் அப்படியே நின்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மீனைப் பங்கு போடும்போது ஏறிப் போன ஆளுக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, இன்ஜினுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். பிறந்ததிலிருந்து அப்படித்தான். கோயில் முன்னால் உட்கார்ந்து "உங்களுது எத்தினி" என்று யாராவது கேட்டால் ஆம்பளைகளின் வாய் தானாகப் பங்கைத்தான் சொல்லும். சொந்தப் படகு இல்லாத வீட்டுக்கு ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டுதான். தலையாரியும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். ஒருத்தருக்கும் தப்பாகவே தோன்றவில்லை. அரசாங்கத்துக்கு அனுப்பிய எங்கள் ஊர் மக்கள்தொகையில் படகெல்லாம் இருந்தது, வலையெல்லாம் இருந்தது, இன்ஜின்கூட இருந்தது. பெண்களும் பிள்ளைகளும் மட்டும் இல்லை.

நான் மெதுவாக என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம நாலு யாரு?"

"நானு..." என்றார்.

"அது தெரியுது. அப்பால?"

அப்பால படகு, வலை, இன்ஜின். என் இடத்தில் வலை இருந்திருக்கிறது. பெரியவள் இடத்தில் படகு. சின்னவள் இடத்தில் இன்ஜின். சின்னவளை இன்ஜின் என்று சொன்னால்கூட ஒத்துக்கொள்வேன், வாயை மூடவே மாட்டாள். ஆனால் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணி, நான் ஒரு வலைக்குப் பதிலாகவா? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது. பக்கத்தில் அக்கா ஏற்கெனவே தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது. அவளைப் பார்த்து எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். நெல் ஊர்த் தலைவியம்மா ஒன்றும் புரியாமல் முழித்து, புரிந்ததும் ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஒரே ஒரு தாத்தா மட்டும் விடவில்லை. "இன்னா தப்பு? படகு வேல செய்யுது. எம் புள்ள செய்யல. யாரப் போடணும்?" என்றார். அவர் பிள்ளையும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான்.

மறுபடி எண்ணுகிற வேலை எங்கள் கைக்கு வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று நான், வாய் உள்ளவள் என்று அக்கா. வீடு வீடாகப் போனோம். ஆம்பளைகளிடம் கேட்கவே கூடாது, பெண்களிடம் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டோம். இனிமேல் தப்பு வராது என்று நினைத்தோம்.

பெண்கள் வேறு மாதிரி எண்ணினார்கள். தண்ணீர் பிடிக்கிறவர்கள் இல்லையா, யார் யார் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று எண்ணினார்கள். ஒரு வீட்டுக்காரி ஏழு என்றாள், ஆறு பேர்தான் தெரிந்தார்கள். "தோ, ஆடு கட்டியிருக்கேன், அது இன்னா ஏரித் தண்ணியா குடிக்குது?" என்றாள். இன்னொரு வீட்டில், கட்டிக்கொடுத்த பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளை ஒரு தடவை, வயிற்றில் இருப்பதை ஒரு தடவை, பார்க்க வந்துபோகிற மருமகனை ஒரு தடவை சேர்த்திருந்தார்கள். சென்னையில் வேலை செய்கிற பையனை விடலாம் என்றால் அவன் அம்மா விடவில்லை. "ஞாயித்துக்கெழம வந்து தொர ஆறு கொடம் ஊத்திக் குளிக்கிறான். அவன உட்டுட்டா எப்படி?"

இதெல்லாம் தப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். ஆனால் ஆளுக்குக் கொஞ்சம் என்று எண்ணிக்கை ஏற ஏற எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஆட்டைக்கூட நான் அடிக்கவில்லை, ஓரமாக ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன். "ஏய், இந்தக் கணக்கு பொன்னேரிக்குப் போச்சுன்னா மூணு தொட்டி கட்டுவான்" என்றாள் அக்கா. இரண்டு பேரும் சிரிப்பில் தெருவில் நடக்க முடியாமல் நடந்து வந்தோம்.

இரண்டாவது எண்ணிக்கை போனதும் பொன்னேரியில் ஆடிப்போயிருப்பார்கள். போன மாதம் பாதி காணாமல் போன ஊர் இந்த மாதம் இரண்டு மடங்காகித் திரும்பி வந்திருக்கிறது. நேரில் பார்க்காமல் ஆகாது என்று ஒரு மேடத்தை அனுப்பினார்கள். சின்ன வயசுப் பெண், அனுப்பம்பட்டுப் பக்கம் விவசாயக் குடும்பமாம். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினாள்.

அவளிடம் ஒரே ஒரு விதிதான் இருந்தது. ஆறு மாசமாக இங்கே இருக்கிறவர்கள், இல்லை இனிமேல் ஆறு மாசம் இங்கே இருக்கப் போகிறவர்கள். அவர்கள்தான் ஆள். கத்தரிக்கோல் மாதிரி அதை வைத்துக்கொண்டு வெட்டிக்கொண்டே வந்தாள். மருமகன் போனார். ஞாயிற்றுக்கிழமை துரை போனார். வயிற்றில் இருக்கிறது வெளியே வரட்டும் என்று சொல்லிவிட்டாள். ஆட்டைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் கேள்விக்குறியைக் காட்டினேன்.

"படகு எதாவது இருக்கா இதுல?" என்று கேட்டாள். சமாசாரம் பொன்னேரி வரைக்கும் போயிருக்கிறது.

"இல்ல மேடம், படகெல்லாம் ஆம்பளைங்க போட்டது. நாங்க ஆடுதான்" என்றாள் அக்கா.

ஊரே அவள் பின்னால் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஜனம் வாசலில் வரிசையாக நின்று போட்டோ எடுக்கப் போகிற மாதிரி தலை வாரிக்கொண்டது. தாத்தா தன் வீட்டு வாசலில் வழிமறித்து, "படகக் கழுவ தண்ணி வேணும் மேடம், அத்த மட்டும் சேத்துக்கோ" என்று கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். "அடுத்த கணக்குல பார்க்கலாம் தாத்தா" என்றாள். பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

கடைசி வீடு என்னுடையது. நாலு பேரையும் நிறுத்தினேன். இந்தத் தடவை வலை இல்லை, இன்ஜின் இல்லை. மேடம் எழுதிக்கொண்டு, நிழலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தாள். "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்றாள்.

அன்றைக்குக் காலையிலிருந்து நான் அவள் கூடவே சுற்றிக்கொண்டிருந்தேன். குடம் தூக்கிக்கொண்டு போகவில்லை. இருந்ததைச் சமையலுக்கும் பெண்களுக்கும் கொடுத்துவிட்டேன். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு டம்ளர்கூடத் தேறவில்லை. தண்ணீர் விடுகிற நேரம்தான், குழாயைத் திறந்தேன். ஏப்பம் விட்டது. மேடம் காதிலும் விழுந்தது.

அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு நொடியில் எல்லாம் வடிந்துவிட்டது. வீடு தேடி வந்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க முடியவில்லை. ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவமானமாக இருந்தது, அழுகையாக வந்தது. அழுதுவிடக் கூடாதே என்று காலி டம்ளரைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றேன். அக்காதான் தெருவில் வேகமாக நடந்து போனாள், தன் வீட்டிலிருந்து சொம்பில் கொண்டுவந்தாள். அவள் போய்வர எவ்வளவு நேரமாகிறது என்று அன்றைக்குத்தான் ஊரே நின்று பார்த்தது.

மேடம் குடித்துவிட்டு, "நீங்க தினமும் அங்க போயா எடுத்துட்டு வர்றீங்க?" என்று கேட்டாள். "ஆமா மேடம்" என்றேன். எண்ணிக்கை கூடியிருப்பது உண்மைதான், எழுதி அனுப்புகிறேன், தொட்டிக்கு நேரமாகும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த 'நேரமாகும்' எனக்குத் தாங்கவில்லை. அந்த வாரக் கூட்டத்துக்கு நானும் போய் உட்கார்ந்தேன், என் பின்னாலேயே அக்காவும் மற்றப் பெண்களும். அன்றைக்குப் பாடு பேசுகிற நாள். பாடு என்றால் ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்களுக்கு முறை வைப்பது. நல்ல இடத்தை ஒருத்தனே எந்நாளும் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று சீட்டுப் போட்டு, இன்றைக்கு நீ, நாளைக்கு அவன் என்று மாற்றி மாற்றி வலை போடுவார்கள். எங்கள் ஊரில் இதில் யாரும் வாலாட்ட முடியாது. அண்ணன் தம்பிக்குள்ளேகூட.

சீட்டுக் கிண்ணம் வெளியே வந்ததும் எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. "எறாலுக்கு மொற வெச்சிக்கினு கீறீங்க. தண்ணிக்கு ஏன் மொற இல்ல? தொட்டிகிட்ட கீறவங்களுக்கே எந்நாளும் நல்ல பாடா?"

எங்கள் குழாயில் தெருவுக்கு நடுவே வால்வுகள் இருக்கின்றன. போட்டதிலிருந்து யாரும் தொட்டதில்லை, துருப்பிடித்துக் கிடக்கின்றன. அதை மூடித் திறந்தால் தண்ணீரை முதலில் இந்தக் கோடிக்கு அனுப்பலாம். எல்லோருக்கும் தெரியும். ஆனால் அப்படிச் செய்தால் யாருக்கு நஷ்டம் என்பதும் தெரியும். எல்லாத் தலையும் மெதுவாக அக்கா பக்கம் திரும்பியது.

அவள் சொம்பில்தான் என் மானம் பிழைத்தது, அவள் குழாயில்தான் நான் கை வைக்கிறேன். நாளைக்கு அவள் பேசாமல் போய்விட்டால் எனக்குத் தண்ணீரும் இல்லை, அக்காவும் இல்லை.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னா எல்லாரும் என்னப் பாக்கிறீங்க? சீட்டப் போடுங்க. இவ தெனம் வந்து என் வாசல சேறாக்கிட்டுப் போறா, பேஜாரா கீது" என்றாள்.

தெருவை நாலு துண்டாகப் பிரித்தார்கள், ஒரு நாளைக்கு ஒரு துண்டுக்கு முதல் தண்ணீர். துண்டுக்கு ஒருத்தி சீட்டு எடுக்க வேண்டும். எங்கள் துண்டுக்கு நான் எடுத்தேன். கண்ணை மூடி, அம்மனை நினைத்து, கிண்ணத்தில் கையை விட்டுக் கலக்கி எடுத்துப் பிரித்தால், கடைசி. அதிலும் கடைசி. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. என் வீட்டுக்காரர், "ஒனக்கு எழுதி வெச்சது அதான்" என்றார். நானும் சிரித்தேன். கடைசி என்றாலும் அது ஒரு முறை இல்லையா? இத்தனை வருஷத்தில் எனக்கு அதுகூட இருந்ததில்லை.

தொட்டி இன்னும் வரவில்லை. தலைவியம்மாவின் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. ஆனாலும் மனு எங்கே போயிருக்கிறது என்று அவ்வப்போது போன் பண்ணிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நாடு முழுக்க எடுக்கிற கணக்கும் வரப்போகிறதாம். வரட்டும், எங்கள் ஊரில் இப்போது எல்லோருக்கும் ஆள் எது, ஆடு எது, படகு எது என்று தெரியும்.

எங்கள் முறை முதல் தடவை வந்த காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விடிந்ததும் வால்வைத் திருப்பினார்கள். நான் குழாயைத் திறந்தேன். ஏப்பம் வந்தது. காற்று வந்தது. பெண்கள் இரண்டு பேரும் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் குழாய் ஒரு தடவை உதறியது, பழுப்பாகக் கொஞ்சம் துப்பியது, பிறகு குடம் கையைவிட்டுப் போகிற வேகத்தில் கொட்டியது. சின்னவள் கத்தின கத்தில் இன்ஜின் தோற்றது. நான் குடத்தைப் பிடிக்காமல் கையை நீட்டி நனைத்துக்கொண்டு நின்றேன், பைத்தியம் மாதிரி.

குடம் நிரம்பி நிமிர்ந்து பார்த்தால், தெருவில் அக்கா வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. அவள் வீட்டுக்கு அன்றைக்கு வெயில் ஏறின பிறகுதான் தண்ணீர். வந்து என் வாசலில் வரிசையில் நிற்கிற மாதிரி நின்றாள். வேண்டுமென்றேதான் நின்றாள், எனக்குத் தெரியும்.

இத்தனை வருஷமாகக் கேட்க நினைத்ததை நான் கேட்டேன். "வாம்மா மகாராணி, எத்தினி பேருக்கு?"

அக்கா குடத்தை இறக்கிக் குழாயடியில் வைத்தாள்.

"ஆறு பேருக்கு" என்றாள். "படகு இல்லாம."